அட்டைக்குள் இருக்கிறது அரிசி; எடுத்துத் தருவது யார்?



2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. ஒரு செம்பனைத் தோட்டத்தில் சங்கக் கிளைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், பட்டணத்து மளிகைக் கடை ஒன்றில் நுழைந்தோம். நமக்கு முன்னால் ஒரு பாட்டியம்மா நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. ஒரு காலத்தில் பால் மரம் சீவிய கை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஐந்து கிலோ அரிசி, ஒரு போத்தல் எண்ணெய், ஒரு தட்டு முட்டை, ஒரு பாக்கெட் ரொட்டி. எல்லாவற்றையும் பணம் கட்டும் மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

கடையில் வேலை செய்யும் பெண் அட்டையை இயந்திரத்தில் செருகினார். எடுத்தார். துணியால் துடைத்தார். மறுபடியும் செருகினார்.

"பாட்டி, ஐ.சி.யை மெஷின் படிக்க மாட்டேங்குது. சிப்பு கெட்டுப் போச்சு போல. கையிலே காசு இருக்கா?"

"காசு இருந்தா இதை ஏன்மா கொண்டாறேன்? கவர்மெண்டு இதுக்குள்ள நூறு வெள்ளி போட்டிருக்குன்னு சொன்னாங்களே!"

"போட்டிருக்கும் பாட்டி. ஆனா மெஷின் ஏத்துக்கலையே, நான் என்ன செய்ய?"

பாட்டி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். எண்ணெயை வைத்தார். முட்டையை வைத்தார். ரொட்டிக்கு மட்டும் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பின்னால் வரிசையில் நின்ற எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

குனிந்த அந்தத் தலை அன்று இரவு நம்மைத் தூங்க விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் பணத்தை ஒதுக்கியிருக்கிறது. கடைக்காரர் பதிவு செய்துகொண்டிருக்கிறார். கடைப் பெண்ணும் மரியாதையாகத்தான் பேசினார். யாரும் பாட்டியை ஏமாற்றவில்லை. அப்படியிருந்தும் அரிசி அலமாரிக்கே திரும்பிப் போய்விட்டது! உதவி கொடுக்கும் முறை மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்குப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பெயர் மாறியது, வழியும் மாறியது

2012ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம்தான் 'பிரிம்' என்ற உதவித் தொகை முதன்முதலாக வந்தது. மாதம் மூவாயிரம் வெள்ளிக்கு மேற்போகாத குடும்பங்களுக்கு 500 வெள்ளி. மண்டபத்தில் வரிசை பிடித்து நின்றோம், பற்றுச் சீட்டை வாங்கினோம், வங்கியில் கொடுத்துக் காசாக்கினோம். வரிசை நீளமாக இருந்தாலும் விஷயம் எளிது. கையில் காசு வந்தது. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினோம், கடைக் கடனில் கொஞ்சம் அடைத்தோம்.

பிறகு பெயர் மாறிக்கொண்டே வந்தது. 'பிரிம்' போய் 'பந்துவான் சாரா ஹிடுப்' வந்தது. 2021இல் 'பந்துவான் பிரிஹாத்தின் ராக்யாட்' என்றார்கள். 2022இல் 'பந்துவான் கெலுவார்கா மலேசியா' ஆனது. 2023இல் 'சும்பாஙான் துனாய் ரஹ்மா', அதாவது எஸ்.டி.ஆர். என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறுவதில் நமக்கு நஷ்டம் எதுவுமில்லை. பிள்ளைக்கு எத்தனை செல்லப் பெயர் வைத்தாலும் சோறு ஒன்றுதான்.

ஆனால் பெயரோடு வழியும் மாறியது. அங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். எஸ்.டி.ஆர். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதற்குத் துணையாக வந்திருக்கும் 'சாரா' உதவியோ காசாகவே வருவதில்லை. அரிசி, எண்ணெய், முட்டை, மாவு, மருந்து, பள்ளிச் சாமான் போன்ற அத்தியாவசியப் பொருட்களை வாங்கிக்கொள்ளும் தொகையாக, நம் அடையாள அட்டை எண்ணின்மேல் வரவு வைக்கப்படுகிறது. பதிவு பெற்ற கடையில் அட்டையைக் கொடுத்துத்தான் வாங்க முடியும். முன்பு பரம ஏழைகள் என்று கணக்கெடுக்கப்பட்ட ஏறக்குறைய 7 லட்சம் பேருக்கு மட்டும் இருந்த இந்த முறை, 2025 ஏப்ரல் மாதம் முதல் 54 லட்சம் பேருக்கு விரிந்தது. அதே வருடம் ஆகஸ்டு 31ஆம் தேதி முதல், பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லோருக்கும் ஒரு முறை 100 வெள்ளி அட்டையிலேயே கிடைத்தது. பாட்டியம்மா சொன்ன நூறு வெள்ளி அதுதான். அதைச் செலவழிக்க டிசம்பர் 31 வரை தவணை. தவணைக்குள் வாங்காதவர்களுக்கு அது இல்லையென்றே ஆகிப்போனது.

பெட்ரோலும் அதே வழிக்கு வந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் 'பூடி 95' திட்டம் தொடங்கியபோது, ஒரு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற விலை குடிமக்களுக்கு மட்டும் என்றும், மாதத்துக்கு 300 லிட்டர் வரை என்றும் வகுத்தார்கள். அதற்கும் அடையாள அட்டை வேண்டும். அதோடு செல்லுபடியாகும் வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். தோட்டத்துக்குள்ளே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு, "செம்பனைக் காட்டுக்குள்ளே போலீஸா வரப்போறான்?" என்று பல வருடமாக உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்ட அண்ணன்மார்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும்! அவர்கள் பெட்ரோல் நிலையத்தில்தான் முதன்முதலாக விழித்துக்கொண்டார்கள்.

இந்த முறை கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. காசாகக் கொடுத்தால் அது கள்ளுக்கடைக்குப் போகிறது என்று நம் தாய்மார்களே எத்தனை முறை கண் கலங்கியிருக்கிறார்கள்! அட்டையில் வரும் அரிசி அடுப்படிக்குத்தான் வந்து சேரும். அது நல்லது. ஆனால் முன்பு பெயர் ஒரு பட்டியலில் இருந்தது. பட்டியலைப் படிக்க ஒரு மனிதர் இருந்தார். விட்டுப்போனால் "ஐயா, என் பேரை விட்டுட்டீங்களே" என்று அவரிடம் கேட்கலாம். இப்போது பெயர் கணினிக்குள் இருக்கிறது. அதனிடம் யார் போய்க் கேட்பது?

அன்றைக்கும் இப்படித்தான்

முறை மாறும்போது நம்மவர்கள் மலைத்துப் போவது இது முதல் தடவையல்ல. நம் தகப்பனார் அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு.

வேலையில் கை கால் போனால், 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியிடம் நஷ்டஈடு கேட்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். கடனுக்கும் காரியத்துக்கும் போனது போக மிச்சம் நிற்காது. 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் சொக்சோ நிறுவனம் அமைந்தது. விபத்தில் உடல் ஊனமானால் தொடர்ந்து உதவித் தொகை, தொழிலாளி இறந்துபோனால் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாதா மாதம் பென்சன் என்று முறையே மாறியது.

நல்ல மாற்றம்தானே? ஆனால் தோட்டத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஏற்கனவே சேமநிதிக்குப் பிடிக்கிறான், சங்கத்துக்குச் சந்தா, இப்போ இது வேறயா? சம்பளத்தைப் பூராவும் பிடிச்சிட்டா கஞ்சிக்கு என்ன வழி?" என்றார்கள். வேலை விபத்துக்கான சந்தா முழுவதையும் முதலாளிதான் கட்டுகிறார், இயலாமைப் பென்சனுக்கான சந்தாவில் பாதியைத்தான் தொழிலாளி கட்டுகிறார் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

சங்கத்துத் தொண்டர்கள் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்தார்களாம். விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு, சம்பளச் சீட்டைக் கையில் பிடித்து, "இந்தக் காசு இதுக்கு, அந்தக் காசு அதுக்கு" என்று வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார்களாம். "அன்னைக்கு அவங்க வந்து சொல்லலேன்னா, உன் பெரியப்பா காலு போனப்போ உங்க பெரியம்மா பாரத்தையே பூர்த்தி செஞ்சிருக்க மாட்டா" என்பார் தகப்பனார். பெரியப்பாவுக்கு ஒரு கால் போனது, பென்சன் வந்தது, மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். சட்டம் கோலாலம்பூரில் இருந்தது. அதைப் பெரியம்மா வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது, ஒரு மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுதான்.

மேசை போட்ட கதை

மளிகைக் கடையில் பாட்டியைப் பார்த்த மறு வாரமே சிலரோடு பேசினோம். கோயில் நிர்வாகத்தில் இருவர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஓர் அக்கா, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நம் சங்கக் கிளையில் மூவர். பெரிய இயக்கம் என்று எதுவும் கிடையாது; பெயர்ப் பலகையும் கிடையாது. கோயில் மண்டபத்தில் இரண்டு மேசை, எட்டு நாற்காலி, ஒரு மடிக்கணினி, ஒரு கட்டுக் காகிதம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. ஒலிபெருக்கியில் ஒரே ஒரு அறிவிப்பு: "அடையாள அட்டையோடு வாங்க. உங்க பேரில் என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்றோம். காசு வேண்டாம்."

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு நாற்காலி போதவில்லை.

மேசையில் உட்கார்ந்த பிறகுதான், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரியும் தொல்லை, உள்ளே வீட்டுக்கு வீடு வேறாக இருப்பது புரிந்தது. இன்னொரு தோட்டத்து அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலாவது, கெட்டுப்போன அட்டை. வேர்வையிலும் மழையிலும் நனைந்து, சட்டைப் பையில் வளைந்து, சில்லு வேலை செய்யாமல் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வதால் உரியவருக்கே அது கெட்டது தெரியாது. தேசியப் பதிவு இலாகாவில் மாற்றிக்கொள்ளலாம். உதவித் தொகை எண்ணின்மேல்தான் இருக்கிறது. புது அட்டை வந்ததும் அதில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தவணை முடிவதற்குள் போக வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: கெட்ட அட்டையை மாற்றுவது வேறு, தொலைத்த அட்டைக்குப் புதிது கேட்பது வேறு. தொலைத்தால் அபராதம் உண்டு. தொலைக்கத் தொலைக்க அபராதமும் ஏறும். "பழசு எங்கேயோ போட்டுட்டேன்" என்று சொல்லும் முன், வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, இறந்தவர் பெயரில் கிடக்கும் விண்ணப்பம். கணவர் பெயரில்தான் குடும்பத்துக்கே பதிவு இருக்கும். அவர் காலமாகி வருடம் இரண்டு ஆகியிருக்கும். "ஏம்மா, உங்களுக்கு எஸ்.டி.ஆர். வரலியா?" என்று கேட்டால், "அவரு போனதோட அதுவும் போச்சுங்க" என்பார்கள். அது போகவில்லை, அம்மா! துணை இல்லாத மூத்தவர்கள் என்று தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் பெயரில் நீங்கள் புதிதாக விண்ணப்பம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நம் மேசைக்கு வந்த விதவைத் தாய்மார்களில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது, மூடிப்போன வங்கிக் கணக்கு. நெடுநாளாகப் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கு செயலிழந்திருக்கும். பணம் போய், திரும்பி வந்துவிடும். வங்கிப் புத்தகத்தைப் பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது பத்து வெள்ளி போட்டு எடுங்கள்.

நான்காவது, பழைய விவரம். மகன் கல்யாணம் செய்துகொண்டு ஜோகூருக்குப் போய்விட்டான். பதிவில் இன்னும் வீட்டிலேயே இருக்கிறான். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். பதிவில் ஆறாம் வகுப்பு. எஸ்.டி.ஆர். குடும்பப் பிரிவுக்கு மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகக் கூடாது. 2,500க்குள் இருப்பவர்களுக்குத் தொகை கூடுதல். விவரம் தப்பாக இருந்தால் கிடைக்க வேண்டியது குறையும், அல்லது மனு தள்ளப்படும். தள்ளப்பட்டால் அதோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள். மேல்முறையீடு, அதாவது 'ராயுவான்' செய்ய வழி உண்டு.

ஐந்தாவது, அட்டையை அடகு வைப்பது. இதை எழுதவே கை கூசுகிறது. கடன் கொடுத்தவரிடம் அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்களைக் கண்டோம். அன்பர்களே, பிறர் அடையாள அட்டையைத் தகுந்த காரணமில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். கடன் இருந்தால் அது வேறு கணக்கு. அதற்கு அட்டை பிணையல்ல. இனிமேல் அந்த அட்டையைக் கொடுப்பது அரிசிப் பானையையே தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

ஆறாவது, தூரம். தோட்டத்துக்குள் இருக்கும் சிறு கடை பதிவு பெற்றதாக இருப்பதில்லை. பதிவு பெற்ற கடை பட்டணத்தில். வாடகைக் காருக்குப் போக வர முப்பது வெள்ளி கொடுத்து ஐம்பது வெள்ளிச் சாமான் வாங்கினால் என்ன மிச்சம்? இதற்கு மேசை கண்ட வழி எளிது. நம் இளைஞர் ஒருவரிடம் வேன் இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை ஆறேழு தாய்மார்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பினோம். தலைக்கு மூன்று வெள்ளி எண்ணெய்க் காசு. அன்றைக்கு வேனுக்குள் ஒரே சிரிப்பு. திருவிழாவுக்குப் போவது போலத்தான்!

நாம் செய்த தவறு

நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரம். நாம் செய்த தவறையும் எழுதியாக வேண்டும்.

முதல் இரண்டு மாதம் வேகமாக வேலை நடந்தது. மூத்தவர்கள் பலரிடம் கைத்தொலைபேசி இல்லை. இருந்தாலும் எண் அடிக்கடி மாறுகிறது. நம் மேசையில் இருந்த தம்பி ஒருவர், "பரவாயில்லைங்க, என் நம்பரையே போட்டுடறேன்" என்று முப்பது வீடுகளுக்குத் தன் எண்ணையே பதிந்துவிட்டார். கடவுச்சொல்லும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. உதவி செய்யும் ஆவல். நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், தடுக்கவில்லை.

மூன்றாம் மாதம் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. எண் மாறியது. முப்பது வீட்டுச் செய்தியும் எங்கோ போய் விழுந்தது. ஒரு வீட்டில் மேல்முறையீட்டுக்கு ஆவணம் கேட்டுச் செய்தி வந்து, பதில் போகாமல் தேதி கடந்துவிட்டது. அந்த வீட்டு அக்கா நம்மைத் திட்டவில்லை. "நீங்க பார்த்துக்குவீங்கன்னு நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்!

முப்பது வீட்டையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிச் சரிசெய்ய ஏழு வாரம் பிடித்தது. அன்றிலிருந்து மேசையில் ஒரு சட்டம். எந்த வீட்டுக்கும் அந்த வீட்டு ஆளுடைய எண்ணையே பதிய வேண்டும். அவரிடம் இல்லையென்றால் மகன், மகள், பேரப்பிள்ளை. கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்வோம். நம்மிடம் எதுவும் தங்கக் கூடாது. அட்டையும் தங்கக் கூடாது, நகலும் தங்கக் கூடாது. அந்தக் காலத்தில் கிராணி கையில் நம் விவரமெல்லாம் இருந்ததால்தானே அவர் முன்னால் கைகட்டி நின்றோம்? உதவி செய்ய வந்தவர்களே புதுக் கிராணிகளாகிவிடக் கூடாது.

மேசையால் ஆகாதது

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தாத்தா வந்தார். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கோயிலுக்கு வந்த கோலம். உட்கார்ந்ததும் அட்டையை எடுத்து வைத்தார். சிவப்பு அட்டை.

இந்த மண்ணிலேயே பிறந்தவர். பிறப்பைப் பதிவு செய்ய அன்று யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் பால் வாளி தூக்கியவர். மனைவிக்கு நீல அட்டை, பிள்ளைகளுக்கு நீல அட்டை, இவருக்கு மட்டும் சிவப்பு. எஸ்.டி.ஆர். குடிமக்களுக்கே உரியது, ஆகவே இவர் பேரில் எதுவும் இல்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த கல்லூரிப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடும்மா. நான் சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்று அவளுக்குத் தாத்தாதான் ஆறுதல் சொன்னார்.

இந்தச் சிவப்பு அட்டையின் கதை நேற்று எழுதியதல்ல. 1969இல் வேலை பெர்மிட் முறை கடுமையானபோது, குடியுரிமை இல்லாத நம்மவர்கள் பல்லாயிரம் பேர் தோட்ட வேலையை இழந்தார்கள். பலர் பிறந்த மண்ணை விட்டே கப்பலேறினார்கள். தங்கியவர்களிலும் பலர் பாரம் நிரப்பத் தெரியாமல், கேட்ட பத்திரம் கையில் இல்லாமல், அப்படியே இருந்துவிட்டார்கள். 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களுக்கான பதிவு இயக்கம் நடந்தது. டிரா மலேசியா போன்ற அமைப்புகள் ஊர்ப்புறத்து மக்களுக்கே சட்டப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் பத்திரப் பிரச்சினைகளைத் தேடிப் பதிவு செய்யும் வேலையைச் செய்திருக்கின்றன. அப்படியும் மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள். தாத்தா அவர்களில் ஒருவர்.

நம் மேசையால் அவருக்குச் சாரா வாங்கித் தர முடியாது. பொய் நம்பிக்கை கொடுக்கவும் கூடாது. ஆனாலும் இரண்டு காரியம் செய்தோம். அவர் மனைவியின் பெயரில் என்ன கிடைக்கும் என்று பார்த்துப் பதிந்தோம். அவருடைய பழைய சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடப் பதிவு, சகோதரர்களின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கோப்பாக்கி, குடியுரிமை மனுவுக்கு வழிகாட்டக் கூடியவர்களிடம் அவரையே நேரில் அழைத்துப் போனோம். வருடக் கணக்கில் ஆகலாம். ஆனால் கோப்பு இப்போது இருக்கிறது. அதில் அவர் பெயர் இருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் யார்?

அன்பர்களே, இதைப் படித்துவிட்டு, "நல்ல காரியம்தான், யாராவது வந்து நம்ம தோட்டத்திலும் செய்தால் தேவலாம்" என்று நினைப்பீர்களானால், நாம் எழுதியது வீண். அந்த 'யாராவது' வரமாட்டார். வந்தாலும் தேர்தல் காலத்தில் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பெரிய பணம் தேவையில்லை. ஒரு மேசை, நான்கு பேர் போதும். ஆளுக்கு ஒரு வேலை: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் கணினி பார்க்க, ஒருவர் கூடப் போக. இந்த நான்காவது ஆள்தான் முக்கியம். கணினி தெரிந்த பிள்ளைகள் ஏராளம். அலுவலகத்துக்குக் கூடப் போய், வரிசையில் நின்று, "இவங்களுக்கு இதுதான் வேணும்" என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். நம் பிள்ளைகள் பட்டணத்துத் தாமான்களில் இருக்கிறார்கள். லயத்திலும் பழைய குடியிருப்பிலும் தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் நம் தாய் தந்தையர். அவர்களைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்களுடைய அட்டையை வாங்கிப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, சில்லு வேலை செய்கிறதா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இளைஞர்களுக்கு இன்னொன்று. "இந்த இணைப்பை அழுத்தினால் உடனே ஐந்நூறு வெள்ளி" என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை உங்கள் அம்மா நம்பிவிடுவார். உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. இருபது வெள்ளி கொடு, முப்பது வெள்ளி கொடு, பாரம் நிரப்பித் தருகிறேன் என்று வீட்டு வாசலுக்கு வருபவரை மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள்.

முடிப்பதற்கு முன், அந்த மளிகைக் கடைப் பாட்டி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். விசாரித்துத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. இரண்டு மைல் தள்ளியிருக்கும் பழைய குடியிருப்பில் பேத்தியோடு இருந்தார். பெற்றோர் சங்கத்து அக்கா கூடப் போய், பதிவு இலாகாவில் அட்டையை மாற்றிக் கொடுத்தார். டிசம்பர் மாதத்தில், தவணை முடிவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, அதே கடைக்குப் போனார்கள். அரிசி, எண்ணெய், முட்டை. இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்து பாட்டி அக்காவிடம் கேட்டாராம்: "எங்க பக்கத்து வீட்டு மீனவன் பெண்டாட்டி, அவளும் புருசன் செத்ததிலிருந்து ஒண்ணும் வரலேன்னு சொல்லிக்கிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வரட்டுமா?"

கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது மேசையில் பாட்டிக்கும் ஒரு நாற்காலி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐ.சி. கொண்டாந்தியா?"

உங்கள் தோட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருக்கட்டும்.